சோலை, புல்வெளி, சீகை: சென்னையில் வாங்கிய ஒரு வரைபடச் சேவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவில் எங்கே எது வளர்ந்து நிற்கிறது என்று வரைபடம் வேண்டுகிறவர்கள் இந்தச் சேவையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலைப்பட்டியலில் முதலில் போட்டிருக்கும் முழுத் தொகுப்பு எல்லாருக்கும் தேவைப்படாது. செயற்கைக்கோள் பகுதியை முழு நிலத்துக்கும் வாங்குங்கள். லேசர் அளவீட்டைச் சந்தேகம் உள்ள சரிவுகளுக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை மலையில் நடந்து, செடியைப் பார்த்து, குறித்து வரும் ஆட்களுக்குக் கொடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிறுவனம் கிண்டிப் பக்கம் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பேசித் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். தவிர, இதே வேலையைச் செய்யும் எந்த நிறுவனத்திடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை கிடைத்தால் நீலகிரிதான். மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் உச்சிச் சரிவுகளில் எங்கள் சிறிய அறக்கட்டளை புல்வெளியை மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. அங்கே இயற்கையாக இருக்க வேண்டியவை இரண்டு. மேட்டிலும் முகட்டிலும் புல். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, அதாவது எப்போதும் பச்சையாக இருக்கும் குட்டை மரக் காடு. அதற்குள் ஆங்கிலேயர் காலத்திலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் (வாட்டில் மரம்) கற்பூரமும் (யூகலிப்டஸ்) பைனும் புகுந்துவிட்டன. கற்பூர மரம் நட்ட இடத்தில் ஓரளவு அடங்கி நிற்கும். சீகை அப்படியில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் கூட்டமாக முளைக்கும். பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. வரையாடு மேயும் இடம் அது. குறிஞ்சி பூக்கும் இடமும் அதுதான். அது போய்க்கொண்டிருப்பதை என்னால் ஒரு புள்ளிவிவரமாக மட்டும் படித்துவிட்டு நகர முடியாது.

மலைப்பகுதியில் மரம் வெட்ட வேண்டுமானால், அது சீகையாகவே இருந்தாலும், 1955-ஆம் வருடச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். எங்கே, எவ்வளவு பரப்பில் என்று காட்டாமல் விண்ணப்பம் நகராது. அதற்காகத்தான் வரைபடம்.

சரி, செயற்கைக்கோள் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். இவர்கள் பயன்படுத்துவது சென்டினல்-2 படங்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள். முதலாவது 2015-இல் மேலே போனது, இரண்டாவது 2017-இல். மூன்றாவது 2024-இல் போய் முதலாவதின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஒரே சமயத்தில் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம்பிடிக்கின்றன. படம் யாருக்கும் இலவசம். அப்படியானால் எதற்குக் காசு என்று எங்கள் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: படம் இலவசம், மலைக்கான திருத்தம் இலவசம் இல்லை.

நீலகிரியில் ஜூனிலிருந்து நவம்பர் வரை மேகம் இல்லாத படம் கிடைப்பதே அபூர்வம். டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் வானம் வழிவிடும். ஆனால் டிசம்பரில் வேறு சிக்கல் உண்டு. இந்தச் செயற்கைக்கோள் காலை பத்தரை வாக்கில் கடக்கிறது. அந்த நேரத்தில் சூரியன் தென்கிழக்கில் சாய்வாக நிற்கும். வடமேற்குப் பார்த்த செங்குத்துச் சரிவு முழுவதும் நிழலில் கிடக்கும். நிழலில் கிடக்கும் புல்லும் வெயிலில் நிற்கும் சோலையும் படத்தில் ஏறக்குறைய ஒரே இருட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு இடத்தின் சரிவையும் அது பார்க்கும் திசையையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒளியைச் சமன்படுத்த வேண்டும். இந்தக் கணக்கை இவர்கள் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். திருத்திய படத்தில் மலை தட்டையாகிவிட்டதுபோல இருந்தது. அப்படி இருந்தால்தான் வேலை சரி. முகடு இன்னும் புடைப்பாகத் தெரிந்தால் நிழல் போகவில்லை என்று அர்த்தம். நீங்கள் வாங்கும்போது இந்த இரண்டு படங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தில் இவர்களுக்கு மனதாரப் பாராட்டு. ஒரே ஒரு அழகான படத்தை எடுத்து வேலையை முடிக்கவில்லை. வருடத்தின் வெவ்வேறு மாதப் படங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஜனவரி உறைபனிக்குப் பிறகு மேல்மலைப் புல் கருகி வைக்கோல் நிறமாகிவிடும். சோலை வருடம் முழுவதும் பச்சை. பிப்ரவரிப் படத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை கோடு போட்டதுபோல் நிற்கும். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படத்தில் எல்லாமே பச்சை, ஒன்றும் விளங்காது. படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு அகலம் என்பதைத்தான் நுணுக்கம் என்கிறார்கள். பத்து மீட்டர் நுணுக்கம், மூன்று மீட்டர் நுணுக்கம் என்று விளம்பரத்தில் போட்டி போடுகிறார்கள். சோலை, புல்வெளி பிரிப்பதற்கு எந்த மாதத்துப் படம் என்பதுதான் அதைவிட முக்கியம்.

பட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்டினல்-2 ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் படம்பிடிக்கிறது, மொத்தம் 13 ஒளிப்பட்டைகள். அவற்றில் நான்குக்கு மட்டுமே பத்து மீட்டர் நுணுக்கம். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள பட்டைகளும் குறுஅலை அகச்சிவப்புப் பட்டைகளும் இலையின் பச்சையத்தையும் ஈரத்தையும் பிரித்துச் சொல்லக்கூடியவை. சோலையையும் சீகையையும் பிரிக்க அவைதான் கைகொடுக்கும். அவை இருபது மீட்டர் நுணுக்கம். அதாவது ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய பத்து சென்ட் நிலம். மலை மடிப்பில் அதைவிடச் சிறிய சோலைத் துண்டு இருந்தால், அது பக்கத்துப் புல்லோடு கலந்து வேறு ஏதோ ஒன்றாகத் தெரியும். எங்கள் வரைபடத்தில் ஓடைத் தலைப்பில் இருக்கும் குட்டிச் சோலைகள் பலவும் காணாமல் போயிருந்தன. அது நிறுவனத்தின் தப்பு இல்லை. ஆனால் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

செயற்கைக்கோள் வரைபடம் திணறிய இடம் எது என்றால், தேயிலை. கவாத்து செய்த தேயிலை மட்டமான, அடர்த்தியான, வருடம் முழுவதும் பச்சை. சோலையும் அடர்த்தி, எப்போதும் பச்சை. எஸ்டேட்டை ஒட்டியிருந்த சில தேயிலைப் பாத்திகள் முதல் வரைபடத்தில் சோலையாக வந்துவிட்டன. மேலிருந்து நிறத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு இடுப்பளவுச் செடியும் நாற்பதடி மரமும் ஒன்றுதான். உயரம் தெரிந்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீரும். லேசர் வருவது இதற்குத்தான்.

விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறார்கள். நேரக் கணக்கில் ஒரு நானோ விநாடி பிசகினால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். அவ்வளவு நுட்பமான அளவீடு. ஒரே துடிப்பின் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும், இன்னொரு பகுதி நடுக்கிளையில், மிஞ்சியது தரையில். முதல் ரிட்டர்னுக்கும் தரை ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் மரத்தின் உயரம். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் என்றால் விமானம் கட்டுப்படியாகும். எங்கள் அளவுக்கு ட்ரோன்தான். வனத்துறை நிலத்தின் மேல் பறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். எங்களுடையது பட்டா நிலம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இலவச லேசர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசா 2018 டிசம்பரில் பொருத்திய ஜெடி கருவி. நான் அதன் தரவையும் எடுத்துப் பார்த்தேன். அதன் ஒவ்வொரு லேசர் பொட்டும் தரையில் 25 மீட்டர் அகலம். பொட்டுக்குப் பொட்டு 60 மீட்டர் இடைவெளி, வரிசைக்கு வரிசை 600 மீட்டர். சமவெளிக் காட்டுக்கு அருமையான கருவி. எங்கள் சரிவுக்கு ஆகாது. 30 டிகிரி சரிவில் 25 மீட்டர் பொட்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவில் தரையே 14 மீட்டர் இறங்கிவிடுகிறது. மேல்மலைச் சோலை மரம் குட்டையானது. அதன் உயரம் முழுவதும் அந்தத் தரை வித்தியாசத்துக்குள் மறைந்துவிடும்.

அதனால் ட்ரோன் லேசருக்குப் பணம் கட்டினோம். பலன் என்ன என்பதை நான் திரையில் பார்த்த ஒரு காட்சியாகச் சொன்னால்தான் புரியும். தரவு வந்ததும் கிண்டி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த இளைஞர், லேசர் பட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்த தொகுதியான பாயிண்ட் கிளவுடிலிருந்து இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு குறுக்கு வெட்டு எடுத்தார். "மேடம், இடது பக்கத்திலிருந்து பாருங்க" என்றார். இடதுபக்கம் புல்வெளி. தரையை ஒட்டி மெல்லிய ஒற்றைக் கோடு. அப்புறம் திடீரென்று கோடு மேலே ஏறிச் சோலையின் விளிம்பாகிறது. விளிம்பில் புதர் மட்டம், உள்ளே போகப் போக உருண்டு திரண்ட தலைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கூரை. கூரைக்குக் கீழே புள்ளிகள் குறைந்து வெற்றிடம். அதற்கும் கீழே, விட்டு விட்டு, தரை. அந்தத் தரைக்கோடு நடுவில் ஓரிடத்தில் குழிந்து இறங்கி மறுபடி ஏறியது. "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அது சோலைக்குள் ஓடும் ஓடை. மேலிருந்து எந்தப் படத்திலும் தெரியாத ஓடை. ஒரு வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டாக எடுத்துக்கொண்டே போனோம். ஓடை மலை மேல் ஏறிப்போகும் பாதை முழுவதும் வந்தது. அது எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேலே உள்ள புல்வெளியில்தான் எங்கள் வேலையை முதலில் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பலன்தான் எனக்குப் பெரிது. செயற்கைக்கோள் படம் சுத்தமான புல்வெளி என்று காட்டிய ஒரு முகட்டில், லேசர் உயர வரைபடம் சிறுசிறு பொட்டுகளைத் தெளித்துவைத்திருந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே. சீகைக் கன்றுகள். பத்து மீட்டர்ப் புள்ளிக்குள் ஒன்றிரண்டு கன்று இருந்தால் நிறத்தில் எந்த மாற்றமும் தெரியாது. நாலைந்து வருடம் விட்டால் அடர்ந்துவிடும், அப்போது செயற்கைக்கோளும் பார்த்துச் சொல்லும். ஆனால் அதற்குள் வேலை பல மடங்காகிவிடும். கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கலாம். லேசருக்குக் கொடுத்த காசு இந்த ஒரு முகட்டில் வசூலாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் எல்லாப் பொட்டும் சீகை இல்லை. குறிஞ்சிப் புதரும் முழங்கால், இடுப்பு அளவுக்கு அங்கே வளர்ந்து நிற்கிறது. 2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல்தான் பூக்க வேண்டும். லேசருக்கு உயரம் தெரியும், பெயர் தெரியாது. வரைபடத்தை மட்டும் நம்பி ஆட்களைப் பிடுங்க அனுப்பியிருந்தால் குறிஞ்சியும் சேர்ந்து போயிருக்கும். எங்கள் எஸ்டேட் வாட்சர் அண்ணன் வரைபடத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகடு முழுவதும் நடந்து, பொட்டுக்குப் பக்கத்தில் சீ, கு என்று பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். "டீச்சர், இந்த மேட்டுல கன்று கம்மி, எல்லாம் குறிஞ்சிதான்" என்று அவர் சொன்ன தகவல் எந்தத் தொகுப்பிலும் விலைக்குக் கிடைக்காது.

இனி குறைகள்.

முதல் குறை, பாறை. நிலத்தின் தெற்கு எல்லையில் மலை செங்குத்தாக அறுந்து விழுகிறது. அந்த விளிம்பு நெடுகிலும் எட்டு, பத்து மீட்டர் உயரத்துக்கு மரங்கள் இருப்பதாக உயர வரைபடம் சொன்னது. அங்கே மரமே கிடையாது, மொட்டைப் பாறை. காரணம், தரை எது, செடி எது என்று புள்ளிகளைப் பிரிக்கும் மென்பொருள், தரை மெதுவாகத்தான் ஏறி இறங்கும் என்ற அனுமானத்தில் வேலை செய்கிறது. திடீரென்று உயரும் பாறை விளிம்பை அது மரம் என்று எடுத்துக்கொள்கிறது. சமவெளிக்கு வைத்த அமைப்பை மாற்றாமல் மலைக்கும் ஓட்டியிருக்கிறார்கள். சொன்னதும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கவில்லை. அமைப்பை மாற்றி ஓட்டினார்கள். விளிம்பு மட்டும் அப்படியும் அடங்கவில்லை. அந்தப் பட்டையை ஒருவர் உட்கார்ந்து கையால் சரிசெய்தார். மலை வேலை வாங்குகிறவர்கள், தரைப் புள்ளிகளைக் கையால் சரிபார்ப்பது விலைக்குள் அடங்குமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ட்ரோன் பறந்த உயரம். ட்ரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவையில்லாத வான்பகுதி) தரையிலிருந்து 120 மீட்டர் வரை பறக்கலாம். இங்கே தரை என்பது அடிக்கு அடி மாறும் மலைத்தரை. நிலத்தோடு ஏறி இறங்கிப் பறந்தால்தான் புள்ளிகள் சீராக விழும். ஒரு பள்ளத்தாக்கின் மேல் மட்டமாகப் பறந்துவிட்டார்கள். பள்ளத்தின் அடியில் சதுர மீட்டருக்கு விழுந்த புள்ளிகள் முகட்டில் விழுந்ததில் பாதிகூட இல்லை. அடர்த்தியான சோலை இருப்பது பள்ளத்தில்தான், அங்கேதான் தரையை எட்டும் துடிப்பும் குறைவு. அதிகம் தேவைப்படும் இடத்தில் குறைவாகக் கிடைத்தது. இதை மட்டும் திருத்தவில்லை, மறுபடி பறக்கத் தனிக் கட்டணம் கேட்டார்கள். எனக்கு அது இன்னும் வருத்தம்தான். புள்ளி அடர்த்தி வரைபடத்தையும் தரச் சொல்லிக் கேளுங்கள். சராசரி எண்ணை மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, துல்லிய எண். அறிக்கையின் முதல் பக்கத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எல்லை போட்ட அதே திட்டுகளுக்குள்ளிருந்தே சோதனைப் புள்ளிகளையும் எடுத்திருந்தார்கள். வகுப்பில் போட்டுக்காட்டிய கணக்கையே பரீட்சையிலும் கொடுத்தால் எல்லாரும் பாஸ்தான். அதுவும் இல்லாமல், நிலத்தில் பெரும்பகுதி தேயிலையும் முற்றிய சீகையும். அவற்றைச் சரியாகச் சொன்னாலே மொத்த எண் ஏறிவிடும். எங்களுக்கு வேண்டியது சோலை எவ்வளவு சரி, புல் எவ்வளவு சரி, இளஞ்சீகை எவ்வளவு சரி என்று தனித்தனியாக. நாங்கள் வேறு சரிவுகளில் குறித்துவைத்திருந்த இடங்களைக் கொடுத்து மறுபடி சோதிக்கச் சொன்னோம். எண் இறங்கியது. இளஞ்சீகை வகையில் நன்றாகவே இறங்கியது. இறங்கிய எண்ணை மறைக்காமல் திருத்திய அறிக்கையின் அதே முதல் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இந்த நிறுவனத்தை இன்னொருவருக்குச் சொல்லலாம் என்று நான் முடிவு செய்தது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

ஆட்களைப் பற்றி. பொறியாளர்கள் இளைஞர்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், கேட்டால் பொறுமையாகத் திரையில் காட்டுகிறார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் செடி தெரிந்த ஒருவர்கூட இல்லை. இது இவர்கள் நிலைமை மட்டும் இல்லை. சென்னைக்கு அளவைத் தொழிலில் பெரிய வரலாறு உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணங்களாக அளக்கும் வேலையை ஆரம்பித்தார். அளக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அளக்கிறவரும் செடி பார்க்கிறவரும் ஒரே மேசையில் உட்காருவதுதான் நடப்பதில்லை. என் மாணவிகளில் இரண்டு பேர் இப்போது கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்கிறார்கள். அது இலவச வரைபட மென்பொருள், வீட்டு மடிக்கணினியில் ஓடும், தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியிலும் நாளையே தொடங்கலாம்.

கொடுத்த கோப்புகள் நன்றாக இருந்தன. படமாக அச்சிட்ட வரைபடம் மட்டும் அல்ல, மூலப் புள்ளித் தரவையும் வகைப்படுத்திய எல்லைகளையும் திறந்த வடிவில் கொடுத்தார்கள். சில இடங்களில் அச்சுப் படத்தை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் வாங்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து மாற்றத்தை ஒப்பிட மூலத் தரவுதான் வேண்டும். தேதி சொன்னபடி வரவில்லை, மேகம்தான் காரணம், அதில் எனக்குக் கோபமில்லை.

விலை ஹெக்டேர் கணக்கு, குறைந்தபட்சப் பரப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் ட்ரோன் பறந்ததற்கே போனது. முழு நிலத்தையும் பறந்து அளந்ததில், பெரிய கற்பூரத் தோப்புகள் இருந்த பகுதிக்கு லேசர் புதிதாக எதுவும் சொல்லவில்லை. கற்பூரம் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோளே சரியாகச் சொல்லியிருந்தது. புல்வெளி முகடுகள், சோலை விளிம்புகள், சோலைக்குள் இருக்கும் ஓடைகள், இவற்றுக்கு மட்டும் லேசர் போதும்.

அடுத்த முறைக்கான விலையை அப்படியே கேட்டிருக்கிறோம். பிப்ரவரியில், உறைபனி முடிந்து புல் காய்ந்து மடிந்த பிறகு, முகட்டுப் பட்டைகளுக்கு மட்டும், நிலத்தோடு ஏறி இறங்கிப் பறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாட்சர் அண்ணனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நடை வேலைக்கான கூலியைத் தனியாக ஒதுக்கிவைத்தாயிற்று.